முன்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே முறையாக மாற்றுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டறைக்குப் போய் வந்த காரில் புதிதாகத் தொடங்கும் கீச்சொலிக்கும் நடுக்கத்துக்கும் பெரும்பாலும் உதிரிபாகம் காரணமாக இருப்பதில்லை. சரியான பாகத்தையே வாங்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் அதைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சிறு வேலைகளை விட்டிருப்பார்கள். துருவைச் சுரண்டாமல் விடுவது, கேலிப்பர் (பேடை அழுத்தும் பிரேக் கவ்வி) நகர உதவும் கைடு பின்னைக் கழற்றிப் பார்க்காமலே மூடுவது, நட்டை அளவில்லாமல் முறுக்குவது ஆகிய மூன்றும் சக்கரத்தை மாட்டிய பிறகு வெளியே தெரியாது. ஒரு நாளைக்குப் பல வண்டிகளை முடித்தாக வேண்டிய இடத்தில் முதலில் கைவிடப்படுபவை இந்த வேலைகளே. வீட்டில் வேலை செய்பவரிடம் லிஃப்ட்டும் ஏர் கன்னும் இல்லாவிட்டாலும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எங்கெங்கே செலவிட வேண்டும் என்பதை முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பேட் மாற்றத்தை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

இந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும்தான் உள்ளன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு; அதை இருபுறமும் பேடுகள் அழுத்தி நிறுத்துகின்றன. பிரேக் அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. எனவே பேடும் அங்கேதான் சீக்கிரம் தேய்கிறது. அதே நேரத்தில், எண்ணெய்க் குழாய் எதையும் பிரிக்காமலே இதைச் செய்து முடிக்க முடியும் என்பதால் பொறுமையுள்ள ஒருவருக்கு இது எட்டாத வேலை அல்ல. ஏர்பேக், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங், ஏசி வாயு, மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவற்றை வீட்டில் தொடக்கூடாது. பொத்தானை அழுத்தி இயக்கும் மின் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களின் பின்சக்கரங்களையும் தனி முறை தெரியாமல் பிரிக்கக்கூடாது.

கருவிகளும் பொருள்களும்

முதலில் வாங்க வேண்டியது ஸ்பேனர் செட் அல்ல, ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்). காருடன் வரும் கத்தரி ஜாக்கி, வழியில் ஸ்டெப்னி மாற்றுவதற்காக மட்டுமே கொடுக்கப்படுவது. அதை நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஒருபோதும் ஜாக் ஸ்டாண்டுக்கு மாற்றாகா. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவை நொறுங்கிவிடும்.

அடுத்ததாக, 1/2 அங்குல டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) ஒன்று வேண்டும். ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சாதாரண வகையே போதும். அதைக் கொண்டு நட்டைக் கழற்றக்கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். சாக்கெட் வாங்கும்போது பன்னிரண்டு முனை உள்ளதைத் தவிர்த்து ஆறு முனை உள்ளதை வாங்குங்கள். துருப்பிடித்த போல்ட்டின் தலை வட்டமாகிவிடாமல் அது காப்பாற்றும். கேலிப்பர் போல்ட்டுகளுக்கு 12 அல்லது 14 மி.மீ. சாக்கெட் பெரும்பாலும் பொருந்தும். வீல் நட் சில கார்களில் 19 மி.மீ. ஆகவும் வேறு சிலவற்றில் 21 மி.மீ. ஆகவும் இருக்கும்.

இவற்றோடு ஒரு ஜி கிளாம்ப் (திருகி இறுக்கும் கவ்வி), வயர் பிரஷ், கெட்டிக் கம்பி, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்று விற்கப்படும் சிலிக்கோன் கிரீஸ், கொஞ்சம் பனியன் வேஸ்ட் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கிரீஸ் விஷயத்தில் சமரசம் கூடாது. சேசிஸுக்கும் பேரிங்குக்கும் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயால் ஆனது. பிரேக்கில் உள்ள ரப்பர் அதில் ஊறினால் உப்பிப் பருத்து, கைடு பின்னைப் பிடித்துக்கொள்ளும். கேலிப்பரை பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதுவும் ரப்பரை இதே விதத்தில்தான் கெடுக்கிறது.

பேடை எப்போதும் இடது, வலது இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய பாகங்கள் கண்ணாடிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் உகந்தவை; பிரேக்குக்கு வேண்டாம். உங்கள் காரின் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லி, பில்லோடு புதிய பேடை வாங்குங்கள்.

காரைத் தூக்குதல்

சமதளமான சிமெண்ட் தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மண்தரைதான் இருக்கிறதென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பிளைவுட் பலகை போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்டின் கால் மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவக்கூடும்.

ஜாக்கி எங்கே பிடிக்க வேண்டும் என்பது காருடன் வரும் கையேட்டில் படத்தோடு இருக்கும். அந்த இடத்தை விட்டுத் தரைத்தகட்டின் நடுவில் பிடித்தால் தகடு நெளியும். தூக்கியதும், பாரம் தாங்கக்கூடிய இடத்தில் ஸ்டாண்டை வைத்து வண்டியை அதன்மேல் இறக்குங்கள். பிறகு பக்கவாட்டில் கையால் அழுத்தி அசைத்துப் பார்த்து, சிறிதாவது ஆடினால் மீண்டும் தூக்கிச் சரிசெய்த பின்பே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கடியில் படுக்கப் போட்டு வைப்பது இன்னொரு பாதுகாப்பு.

ஒரு பக்கத்தை முழுவதுமாக முடித்த பின்பே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த கிளிப் எப்படி இருந்தது என்ற ஐயம் வரும்போது, பிரிக்காத பக்கம் அதற்கு விடை சொல்லும்.

கழற்றுதலும் பழைய பேடைப் பார்த்தலும்

ஸ்டியரிங்கைத் திருப்பி கேலிப்பரின் பின்புறம் வெளியே தெரியும்படி வையுங்கள். மேலும் கீழுமாக இரண்டு கைடு பின் போல்ட்டுகள் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் எடுத்தால் கேலிப்பரை மேல்நோக்கித் தூக்கிவிடலாம். போல்ட்டைத் திருப்பும்போது உள்ளே உள்ள பின்னும் கூடவே சுற்றினால், மெல்லிய ஸ்பேனர் ஒன்றால் பின்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடிக்காமல் ஏர் கன்னால் ஒரேயடியாகச் சுற்றும்போதுதான் அதன் ரப்பர் உறை முறுக்கிக் கிழிகிறது. கேலிப்பரை முழுவதுமாகக் கழற்ற நேர்ந்தால் பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) தொங்கவிடாதீர்கள். கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே ஒரு கீறலும் தெரியாமல் ஹோஸின் உட்புறம் பழுதாவதற்கு அந்தத் தொங்கல் ஒரு காரணம்.

படிந்திருக்கும் கரிய தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரமாகவே துடைத்து எடுங்கள்.

இப்போது பழைய பேடுகளை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத்தரும் இடம் இதுதான், பலரும் தூக்கி எறிந்துவிட்டுக் கடந்துபோகும் இடமும் இதுதான். புதிய பேடின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். உள்பேடும் வெளிபேடும் ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருந்தால் கேலிப்பர் ஒழுங்காக நகர்கிறது என்று பொருள். உள்பேடு மட்டும் வெகுவாகத் தேய்ந்திருந்தால் கைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் (கேலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) திரும்பி உள்ளே போகாமல் நிற்கிறது. வெளிபேடு மட்டும் தேய்ந்திருந்தாலும் பின்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருந்தால் ஏதோ ஒரு பின்னோ பேடின் காதோ (முனையில் நீட்டியிருக்கும் பகுதி) இறுகிக் கிடக்கிறது.

பேட் மாற்றிச் சில மாதங்களே ஆன ஓர் உறவினரின் காரை அண்மையில் பிரித்துப் பார்த்தபோது, வெளிபேடு ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது; உள்பேடு இரும்புத் தகட்டைத் தொடும் நிலைக்கு வந்திருந்தது. கீழ் கைடு பின்னில் கிரீஸின் சுவடே இல்லை. அதன் ரப்பர் உறை முறுக்கியபடியே இருந்ததால் மழைநீர் உள்ளே புகுந்து, பின் முழுவதும் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. பொருத்தியிருந்த பேட் நல்ல நிறுவனத்தின் அசல் பேட்தான். பின்னை வெளியே இழுத்துத் துடைத்து கிரீஸ் போட அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

சுத்தம் செய்தல்

பேடின் இரு காதுகளும் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகு கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் அடியில் கேலிப்பர் பிராக்கெட்டின் இரும்பு தெரியும். அங்கே துரு செதில்செதிலாக உப்பி, கிளிப்பை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இது இன்னும் அதிகம். இந்தத் துருவை வயர் பிரஷ்ஷாலும் அரத்தாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். இரும்பையே அராவி அளவைக் குறைத்துவிடக் கூடாது. சுத்தம் செய்த பின் புதிய பேட் விரலால் தள்ளினாலே கிளிப்புக்குள் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உள்ளே இறக்க வேண்டிய நிலை இருந்தால், துரு இன்னும் இருக்கிறது அல்லது பேட் உங்கள் காருக்குரியது அல்ல.

கைடு பின்கள் இரண்டையும் வெளியே இழுத்துப் பழைய கிரீஸை முற்றாகத் துடையுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றுபோல் தோன்றினாலும், சில கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். இடம் மாறினால் கேலிப்பர் சிக்கிச் சிக்கி நகரும். துளைக்குள்ளும் துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்து, பின்மேல் மெல்லிய படலமாக மட்டும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் அதிகமானால் உள்ளே காற்று அடைபட்டு, உள்ளே தள்ளிய கைடு பின் தானாகவே வெளியே வந்துவிடும். முழுவதும் தள்ளியதும் ரப்பர் உறையின் உதடு பின்னின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பிஸ்டனும் பிரேக் ஆயிலும்

புதிய பேட் தடிமனானது என்பதால் வெளியே வந்திருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து, ஜி கிளாம்ப்பால் மெல்ல மெல்ல இறுக்குங்கள். அதற்கு முன் பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசி உறையைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ ஈரம் கசிந்திருந்தாலோ கேலிப்பரையே செப்பனிட வேண்டும். பேட் மாற்றம் அங்கே தீர்வாகாது. கிளாம்ப்புக்கும் பிஸ்டன் அசையவில்லையென்றால் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றுவதற்காகக் கேலிப்பரில் உள்ள சிறு திருகு) சற்றே தளர்த்தி, அதில் மாட்டிய குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு மீண்டும் தள்ளிப் பாருங்கள். அப்போது எளிதாகப் போனால் ஹோஸுக்குள் அடைப்பு இருக்கிறது. அப்போதும் போகவில்லையென்றால் பிஸ்டனே துருப்பிடித்திருக்கிறது.

பிஸ்டன் உள்ளே போகும்போது, பானட்டுக்கடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும். பேட் தேயத் தேய அந்த மட்டம் இயல்பாகவே குறையும். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் யாரேனும் அதை விளிம்புவரை நிரப்பியிருந்தால் இப்போது பொங்கி வழிந்து பெயிண்டை அரித்துவிடும். எனவே முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். மேலே சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

டாட் 3, டாட் 4 ஆகிய தர வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலைக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவோ 155 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. திறந்து நெடுநாள் வைத்த பாட்டிலைப் பயன்படுத்தக்கூடாது. சிலிக்கோனால் ஆன டாட் 5 வகையை இவற்றோடு கலக்கவே கூடாது.

குழாய் எதையும் பிரிக்காமல் பேடை மட்டும் மாற்றினால் காற்று எடுக்கும் வேலை (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது) தேவைப்படாது. தேவைப்பட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவதே பொதுவான மரபு. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளின் காணொளிகள் வலது பின்சக்கரத்தில் தொடங்கச் சொல்லும். நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் தொலைவில் இருப்பது இடது பின்சக்கரம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில் வரிசை மாறலாம் என்பதால் சர்வீஸ் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

டிஸ்க்

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளக்கும்போது, விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டை விட்டுவிட்டு உராயும் பரப்பில் மட்டும் மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொன்னதும் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று புது டிஸ்க் போடுவார்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்பிவிடும். டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் துருத் துணுக்குகள் மிஞ்சியிருந்தால், அதன்மேல் மாட்டப்படும் எந்த டிஸ்க்கும் கோணலாகவே சுற்றும். அப்படிச் சுற்றி ஒரே இடத்தில் பேடை உரசி உரசி டிஸ்க்கின் தடிமன் சீரற்றுப் போவதே பல நடுக்கங்களுக்குக் காரணம். எனவே டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தைப் பளிச்சென்று துலக்குங்கள். புது டிஸ்க்கின் மேல் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முழுவதும் நீக்கிவிட வேண்டும்.

பொருத்துதலும் முறுக்குதலும்

பேடின் காதுகளிலும் முதுகுத் தகடு கேலிப்பரைத் தொடும் இடங்களிலும் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். உராயும் முகத்தில் எண்ணெய் பட்டுவிட்டால் எமரி பேப்பரால் தேய்த்துச் சமாளிக்காமல் வேறு பேட் போடுங்கள். தேய்வை அறிவிக்கும் சிறு நாக்குத் தகடு உள்ள பேட் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் போக வேண்டும். அது பெரும்பாலும் உள்பக்கம்தான். கேலிப்பரை இறக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேலிப்பரையே மாற்றியிருந்தால் பிளீடர் நிப்பிள் மேற்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இடது வலது மாறிவிட்டது, எத்தனை முறை முயன்றாலும் காற்று வெளியேறாது.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் சுற்றுங்கள். சில சுற்றுகளாவது தடையின்றிப் போகாத போல்ட் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். கருவியால் அழுத்தினால் மரை போய்விடும்.

சிறிய கார்களின் கைடு பின் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கே வழக்கம். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடை தொங்கினால் கிடைக்கும் முறுக்கே ஏறத்தாழ 25தான். வீல் நட்டுக்குப் பெரும்பாலான சிறிய கார்களில் 85 முதல் 110 வரை. சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 செ.மீ. நீளமுள்ள வீல் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் உண்டாகும் முறுக்கு 290-ஐத் தாண்டுகிறது. வேண்டியதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! இப்படி இறுக்கிய ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) நீண்டு பலவீனமாகிறது. வழியில் பஞ்சரானால் காருடன் வந்த சிறிய ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்கவும் முடிவதில்லை. வீல் நட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ பூசுவதும் தவறு. கையேட்டில் உள்ள எண் உலர்ந்த மரைக்குரியது. வழுக்கும் மரையில் அதே முறுக்கு ஸ்டட்டை அதிகமாக இழுத்துவிடும்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்கி, வண்டியை இறக்கிய பின் டார்க் ரெஞ்ச்சால் அதே வரிசையில் இரண்டு சுற்றாக முடியுங்கள்.

முதல் ஓட்டம்

இரு பக்கமும் முடிந்ததும், வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதற்கு முன் பிரேக் மிதியைப் பலமுறை மெல்ல மிதியுங்கள். பிஸ்டன் இன்னும் உள்ளே இருப்பதால் முதல் அழுத்தத்தில் மிதி தரையைத் தொடும். சில மிதிகளில் உயர்ந்து கெட்டிப்படும். இதை மறந்து வண்டியை எடுப்பவர் பிரேக்கே இல்லாத வண்டியை எடுக்கிறார். பிறகு ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, இஞ்சினை ஓடவிட்டு, மிதியை ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த நிலையில் தெருவுக்குப் போகக்கூடாது.

ஆளில்லாத தெருவில் 10 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பார்த்த பிறகு, போக்குவரத்து குறைந்த சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு மிதமாகக் குறைப்பதைப் பத்து முறை அளவுக்குச் செய்யுங்கள். இடையிடையே சிறிது தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது முழுவதும் நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் ஒரே சீராகப் படிவதற்கே இந்தப் பழக்கல்.

அடுத்த நாள் 10 கி.மீ. அளவில் சாதாரணமாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல், இரண்டு முன்சக்கரங்களின் ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தெளிவாக அதிகச் சூடாக இருந்தாலோ, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஏதோ ஒரு பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டிருக்கக்கூடும். அந்தச் சக்கரத்தை மீண்டும் கழற்றி, கைடு பின்னையும் கிளிப்பின் அடியையும் முதலில் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு சூடாக இருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கிலோமீட்டர் அளவையும் பழைய பேடுகள் நான்கின் தடிமனையும் வண்டியின் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை எந்தச் சக்கரத்தை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த நான்கு எண்கள் உதவும்.